வெள்ளம் வடிந்த வீட்டில் மின்சாரம்: சுவிட்சைத் தட்டுவதற்கு முன் யார் பார்த்தார்கள்?

பருவமழைக் காலம் வந்துவிட்டால் நம் செய்திப் பக்கங்களில் வெள்ளம் இடம் பிடித்துவிடும். எத்தனை துயர் துடைப்பு மையங்கள் திறக்கப்பட்டன, எந்த ஆறு அபாய அளவைத் தாண்டியது, எந்தச் சாலை மூடப்பட்டது என்று மணிக்கு மணி தகவல் வரும். தண்ணீர் வடிந்து மக்கள் வீடு திரும்பியதும் அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது.

வீடு திரும்பிய குடும்பத்துக்கோ வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சேற்றைக் கழுவ வாட்டர் ஜெட், தேங்கிய நீரை உறிஞ்ச வெக்யூம், சோபாவையும் கம்பளத்தையும் சுத்தம் செய்ய வாடகை இயந்திரம், காய வைக்க மின்விசிறி என்று எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. தரை ஈரம், கை ஈரம், சுவரும் ஈரம். வாட்டர் ஜெட் பிடித்திருந்தவர் மின்சாரம் தாக்கி இறந்தார் என்ற நான்கு வரிச் செய்தி இந்நாட்டில் புதிதல்ல. வெள்ளத்திலிருந்து உயிர் தப்பியவர், வீட்டைக் கழுவும்போது உயிரை விடுவது தவிர்க்கக்கூடிய மரணம். அது ஏன் தவிர்க்கப்படுவதில்லை என்பதை இங்கே பார்ப்போம்.

2021 கற்றுத்தந்த பாடம்

2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிள்ளானிலும் உலு லங்காட்டிலும் அதே கதைதான். அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்றும், அதில் குடியிருப்புகளுக்கு நேர்ந்தது மட்டும் 160 கோடி ரிங்கிட் என்றும் புள்ளிவிவர இலாகா பின்னர் கணக்கிட்டது. 2022 ஜூலையில் கெடா, பாலிங் வட்டாரத்தில் சேற்று வெள்ளம் பாய்ந்தது. 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங், பத்து பகாட் என ஜொகூரின் பல வட்டாரங்கள் நீரில் நின்றன.

ஒவ்வொரு முறையும் உதவிக் கரங்களுக்குக் குறைவில்லை. கோயில் இளைஞர்கள், பொது இயக்கங்கள், மாணவர்கள் என்று வாட்டர் ஜெட்டோடு வந்து இறங்குகிறார்கள். உணவு, பாய், மெத்தை, அரிசி எல்லாம் வந்து சேர்கின்றன. வயரிங்கைப் பார்க்க ஒருவர் வந்தார் என்று கேள்விப்படுவதுதான் அரிது.

தெரு விளக்கு எரிந்தால் போதுமா?

வெள்ளம் உயரும்போது தெனாகா நேஷனல் துணை மின்நிலையங்களைக் கட்டம் கட்டமாக மூடுகிறது. நீர் வடிந்ததும் தன் கருவிகளைச் சோதித்து, பாதுகாப்பானது என்று உறுதியான பின் விநியோகத்தைத் திரும்பத் தருகிறது. இந்தச் சோதனை நடப்பது தெனாகாவின் பக்கத்தில். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடும் வயரும், டிபி பெட்டியும், சாக்கெட்டும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

இந்த எல்லைக்கோடு பலருக்குத் தெரிவதில்லை. தெருவில் விளக்கு எரிந்ததும், "கரண்டு வந்துவிட்டது, இனி பயமில்லை" என்று எண்ணி முதல் சுவிட்சைத் தட்டிவிடுகிறோம். தெருவுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பது உண்மை. நம் வீடு அதைத் தாங்கும் நிலையில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

வெள்ள நீரில் சாக்கடையும் சேறும் உப்பும் கலந்திருக்கும். அது சாக்கெட்டுக்குள் புகுந்து வடிந்த பிறகும் உள்ளே ஒரு படிவத்தை விட்டுச் செல்லும். வெளியே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உள்ளே அந்தப் படிவம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரம் கசிய வழி செய்யும். சுவருக்குள் போகும் வயர் குழாயில் தேங்கிய நீர் பல நாள்கள் கழித்தும் இருக்கலாம். ஆகவே வெயிலில் இரண்டு நாள் காய வைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. நீரில் மூழ்கிய சாக்கெட், சுவிட்சு, டிபி பெட்டியின் உள்ளிருக்கும் சாதனங்கள் ஆகியவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

வயர்மேன் செய்யும் சோதனை பெரிய விஷயமில்லை. மெகர் எனப்படும் கருவியால் 500 வோல்ட் செலுத்தி, வயரின் மேலுறை மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறதா என்று அளப்பார். அளவு ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் அந்த வழித்தடத்துக்கு மின்சாரம் தரக்கூடாது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததை இந்த எண் சொல்லிவிடும்.

ஃபியூஸ் வயரைக் காக்கும், ஆளைக் காக்காது

நம் வீட்டு மூன்று முனை பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. ஏதாவது ஆனால் ஃபியூஸ் போய்விடும் என்ற தைரியம் பலருக்கு உண்டு. மனித உடலின் வழியே 30 மில்லிஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், சற்று நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையலாம். 13 ஆம்பியர் என்பது அதைப்போல 400 மடங்குக்கும் மேல். ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் ஃபியூஸ் அசையாது. அது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் காவலாளி மட்டுமே.

ஆளைக் காப்பது டிபி பெட்டியில் உள்ள இ.எல்.சி.பி. இன்றைய பெயர் ஆர்.சி.டி. அல்லது ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவது சுவராகவும் இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். நொடியின் சிறு பகுதிக்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் மூன்று அளவுகளைச் சொல்கின்றன. தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடித்து இயக்கும் சாதனங்களுக்கு 30 மில்லிஆம்பியர், மற்றவற்றுக்கு 100 மில்லிஆம்பியர். பழைய வீடுகள் பலவற்றில் முழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே 100 மில்லிஆம்பியர் சாதனம்தான் இருக்கும். தீயைத் தடுக்க அது உதவும். ஈரத் தரையில் வாட்டர் ஜெட்டோடு நிற்பவருக்கு அந்த அளவு போதாது.

உங்கள் வீட்டில் எது என்று அறிய, மழை வருவதற்கு முன்பே டிபி பெட்டியைத் திறந்து அதன் முகப்பில் அச்சிட்டுள்ள எண்ணைப் பாருங்கள். 0.03 என்றிருந்தால் 30 மில்லிஆம்பியர். 0.1 என்றிருந்தால் 100. பக்கத்தில் 'T' வடிவில் குறியிட்ட சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

வெள்ளத்துக்குப் பிறகு இந்தச் சாதனம் அடிக்கடி டிரிப் ஆகும். "தொல்லையாக இருக்கிறது" என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்புக் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். டிரிப் ஆனது என்றால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பொருள். எந்த வழித்தடத்தில் கசிவு என்று தேட வேண்டிய நேரத்தில், எச்சரித்தவனின் வாயைக் கட்டுவது போன்ற செயல் அது.

ஒரே எக்ஸ்டென்ஷனில் எத்தனை இயந்திரம்?

கீழ்த்தளச் சாக்கெட்டுகள் நனைந்திருப்பதால், மேல் மாடியிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பதுதான் வழக்கம். டிபி பெட்டி நனையாமல், கீழ்த்தள வழித்தடங்கள் அணைக்கப்பட்டு, மேல்தள வழித்தடம் சோதிக்கப்பட்டிருந்தால் அது ஏற்கத்தக்க வழிதான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

எக்ஸ்டென்ஷனில் நான்கு துளைகள் இருந்தாலும் அது சுவரில் சொருகப்படுவது ஒரே 13 ஆம்பியர் பிளக்கில். 230 வோல்ட்டில் அதன் உச்சவரம்பு ஏறக்குறைய 3,000 வாட். ஈரம் உறிஞ்சும் வெக்யூம் ஒன்று 1,400 வாட் என்றும், வாட்டர் ஜெட் 1,800 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 3,200 வாட், அதாவது கிட்டத்தட்ட 14 ஆம்பியர். இந்தச் சிறு மிகைக்கு ஃபியூஸ் உடனே போகாது. நீண்ட நேரம் தாங்கும். அதற்குள் பிளக் சூடாகி, பிளாஸ்டிக் இளகத் தொடங்கிவிடும். ஆகவே கணக்கு எளிது. சூடாக்கும் இயந்திரமோ பெரிய மோட்டார் உள்ள இயந்திரமோ ஒரு நேரத்தில் ஒன்றுதான். வெந்நீர் பாய்ச்சிக் கம்பளம் கழுவும் வாடகை இயந்திரம் என்றால் அதற்குத் தனிச் சாக்கெட் வேண்டும்.

வயரைச் சுருளில் சுற்றியபடியே பயன்படுத்துவது இன்னொரு ஆபத்து. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை. தேவை மூன்று மீட்டராக இருந்தாலும் வயரை முழுவதும் விரித்துவிட வேண்டும். இணைப்பு முனை தரையில் கிடக்கக்கூடாது. நாற்காலியின் மீதோ ஜன்னல் கம்பியிலோ உயரமாகக் கட்டுங்கள். வயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். அப்போது வயரில் வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்ட ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இணையத்தில் மலிவாக வாங்கிய இயந்திரம் இரண்டு முனை பிளக்கோடு வரும். மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ குத்தி, கீழே அதைச் செருகிவிடுவார்கள். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி உள்ள இரட்டைக் காப்பு இயந்திரத்துக்கு எர்த் தேவையில்லை என்பது சரிதான். ஆனால் அந்தக் குறி இல்லாத உலோக உடல் இயந்திரத்தை எர்த் இல்லாமல் ஓட்டினால், உள்ளே ஏற்படும் கசிவு பிடித்திருப்பவரைத் தேடி வரும். முனை தளர்வாக உட்கார்வதால் தீப்பொறியும் எழும். சிரிம் முத்திரையும் முறையான மூன்று முனை பிளக்கும் உள்ள இயந்திரத்தை வாங்குவது வீண் செலவாகாது.

வழக்கமான வீட்டு வெக்யூமால் தண்ணீரை உறிஞ்சக்கூடாது. நீர் மோட்டாருக்குள் போய்விடும். நீரில் மூழ்கும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே நீரில் யாரும் இறங்கி நிற்கக்கூடாது. இடம் மாற்ற வேண்டுமானால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

இவ்வளவு விவரமும் தெரிந்தவர்கூட அவசரத்தில் கைவிட்டுவிடுகிறார். அவசரத்துக்கு நியாயமும் உண்டு. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்கு வேலை. விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும்.

அந்த முதல் நாளில் மின்சாரம் இல்லாமலே செய்யக்கூடியவை நிறைய உள்ளன. ரப்பர் தள்ளியால் நீரை வெளியேற்றுவது, கதவு ஜன்னல்களைத் திறப்பது, சேறு ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் அள்ளுவது, மெத்தையையும் விரிப்பையும் வெளியே இழுப்பது ஆகிய நான்கும் முடியவே அரைநாள் ஆகும். அதற்குள் வயர்மேனை வரவழைத்துவிடலாம்.

சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய கம்பளத்தைக் காப்பாற்ற இயந்திரம் வாடகைக்கு எடுப்பதும் பெரும்பாலும் வீண்தான். மேல்பகுதி சுத்தமாகத் தெரிந்தாலும் அடியில் அழுக்கும் கிருமியும் தங்கிவிடும். அதைத் தூக்கிப் போடுவதே மேல். கூரை ஒழுகியோ குழாய் வெடித்தோ நல்ல தண்ணீரில் நனைந்த கம்பளத்துக்குத்தான் அந்த இயந்திரம் பயன்படும்.

காய வைக்கும் கட்டம் நாள்கணக்கில் நீளும். ஈரம் உறிஞ்சும் சாதனம் 300 வாட் என்றால் 24 மணி நேரத்துக்கு 7.2 யூனிட் செலவாகும். சுமை சிறியதுதான், ஆனால் ஓய்வில்லாமல் ஓடும். அதை எக்ஸ்டென்ஷனில் அல்லாமல், சோதிக்கப்பட்ட சுவர்ச் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். இடையிடையே பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஜெனரேட்டர் உதவியும் விஷமும்

மின்சாரம் வர நாளாகும் என்றால் ஜெனரேட்டர் வரும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே முடித்துவிடும். மழை படுகிறது என்பதற்காகப் போர்ட்டிக்கோவிலோ வரவேற்பறை வாசலிலோ வைப்பது கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகை வாய் வீட்டைப் பார்க்காதபடி வைக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டுச் சாக்கெட்டில் இணைப்பது அதைவிடக் கொடியது. ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் பித்தளை முனைகளில் மின்சாரம் நிற்கும். அது மீட்டர் வழியே தெருக் கம்பிக்கும் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்வழியாக நுழைந்து 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். "லைன் அணைந்திருக்கிறது" என்று நம்பி வேலை செய்யும் தெனாகா ஊழியர் அதற்குப் பலியாகலாம். இயந்திரத்தை ஜெனரேட்டரிலேயே நேரடியாகச் செருகுங்கள். அப்போது வீட்டு டிபியில் உள்ள இ.எல்.சி.பி.யின் பாதுகாப்பு அந்த இயந்திரத்துக்குக் கிடைக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாடகை வீடும் தோட்ட வீடும்

சொந்த வீட்டுக்காரர் வயர்மேனைக் கூப்பிட முடிவெடுத்தால் போதும். வாடகைக்கு இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. சுவரும் வயரும் வீட்டு உரிமையாளருடையவை. ஒப்பந்தத்தில் எழுதியதுதான் பேசும், பல இடங்களில் ஒப்பந்தமே வாய்வார்த்தை. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளலாம்" என்ற பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்வது நல்லது.

தோட்டத்தில் நிலைமை வேறு. சட்டம் 446 எனப்படும் 1990ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின்படி, தொழிலாளர் வீட்டுக்கு நீர், மின்சார வசதி தருவதும் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் முதலாளியின் கடமை. வெள்ளத்தில் மூழ்கிய லயத்து வீட்டின் வயரிங்கும் அந்தக் கடமைக்குள் வருவதுதான் நியாயம். தொழிலாளர் தன் கைக்காசில் யாரையோ பிடித்து ஒட்டுப்போட வேண்டியதில்லை. நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கலாம். பதில் இல்லையென்றால் தோட்டத் தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் இலாகாவையும் அணுகலாம். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகும் பழைய வீடுகளிலேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்குத்தான் இதில் பெரிய இக்கட்டு. அங்கே முதலாளி என்று சொல்ல யாரும் இருப்பதில்லை, வயரிங் முப்பது நாற்பது ஆண்டு பழையது.

பணமும் ஒரு காரணம். வெள்ளம் பாதித்த குடும்பத் தலைவருக்கு வாங் இஹ்சான் உதவித்தொகை கிடைக்கிறது. மெத்தை, அடுப்பு, பள்ளிச் சீருடை என்று பட்டியல் போட்டால் அந்தத் தொகை ஒரு நாளில் கரைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வயருக்குச் செலவு செய்ய யாருக்கு மனம் வரும்? இதைத் தனிமனிதரின் அலட்சியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

ஒரு வரிசைக்கு ஒரு வயர்மேன்

இதற்குக் கூட்டாகத் தீர்வு காண முடியும். வெள்ள நிவாரணத்துக்குப் பணம் திரட்டும் கோயில்களும் இயக்கங்களும் அதில் ஒரு பங்கை வயரிங் சோதனைக்கு ஒதுக்கலாம். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் ஒருவரை, ஒரு வரிசை வீடுகளுக்குச் சேர்த்து அழைத்தால் செலவும் குறையும். நம் இளைஞர்களில் தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்னியல் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியலை மழைக்கு முன்பே தயார் செய்வது வட்டாரத் தலைவர்களுக்குக் கடினமான வேலை இல்லை.

கோத்தோங் ரோயோங் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வாட்டர் ஜெட் நல்லதாகவே இருக்கலாம். நீங்கள் செருகப்போகும் வீட்டின் வயரிங் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு நாளில் பத்து வீடுகளுக்குப் போனால் பத்து முறை அந்த ஆபத்தில் இறங்குகிறீர்கள். சாக்கெட்டுக்கும் வயருக்கும் நடுவே செருகும் 30 மில்லிஆம்பியர் கையடக்க ஆர்.சி.டி. கடைகளில் கிடைக்கிறது. வாட்டர் ஜெட் வாங்கும்போதே அதையும் வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ரப்பர் காலணி இல்லாதவரிடம் இயந்திரத்தைத் தர வேண்டாம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. வெள்ள உதவி என்பது பொருள் வாங்கத் தரும் பணத்தோடு நின்றுவிடாமல், மூழ்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வயரிங் சோதனை என்பதையும் உள்ளடக்க வேண்டும். அடுத்த முறை நம் தொகுதிப் பிரதிநிதி நிவாரணப் பொருள்களோடு வரும்போது, இதை நேரில் கேட்டுப் பார்ப்போம்.

அதுவரை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை சில. நீர் ஏறும் முன், கால் நனையாமல் நின்று மெயின் சுவிட்சை அணையுங்கள். நீர் ஏறிவிட்டால் அதன் அருகே போகாதீர்கள். வீட்டு இணைப்பைத் துண்டிக்கவோ தெருக் கம்பி அறுந்து கிடப்பதைச் சொல்லவோ தீபகற்பத்தில் தெனாகாவின் 15454 எண்ணை அழையுங்கள். யாரையாவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொட வேண்டாம். முதலில் மின்சாரத்தை அணைத்துவிட்டு 999க்கு அழையுங்கள். இவற்றைச் சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்தால், பதற்றத்தில் தேட வேண்டியிருக்காது.